ரென் பெருந்தகையின் ஆலயப் பணி

இறைவனுக்கு ஓர் ஆலயம் எழும்போது, பொருள் வழங்கும் அன்பர்கள் ஒருபுறமும் கல்லும் சாந்தும் சுமந்து உழைப்போர் மறுபுறமும் நிற்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று, ஒருவரால் மற்றவர்க்கு நட்டம் வாராமற் காப்பது கட்டடக் கலைஞரின் கடமையாகும். அக்கடமையை வழுவாது ஆற்றியவர், லண்டன் மாநகரில் தூய பவுல் பேராலயத்தை எழுப்பிய ஸர் கிறிஸ்டோபர் ரென் ஆவார்.

ரென் 1632-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகத் தோன்றினார். கணிதத்திலும் வானநூலிலும் புலமை எய்தி, 1661-இல் ஆக்ஸ்போர்டில் வானநூற் பேராசிரியராக அமர்ந்தார். 1666-இல் மூண்ட பெருந்தீயில் லண்டனின் பழைய பேராலயம் பாழாயிற்று. 1669-இல் அரசாங்கக் கட்டடப் பணிகளின் தலைவரான ரென், 1675-இல் புதிய பேராலயத்தின் வேலையைத் தொடங்கினார்.

லண்டன் துறைமுகத்தில் வந்திறங்கிய நிலக்கரியின்மீது விதிக்கப்பட்ட வரியே இப்பணிக்குப் பெரும் பொருளாயிற்று. ஏழையின் அடுப்புக்குரிய காசும் அதிற் கலந்திருந்தது. ரென் பணி முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைக்காமல், தலைமைக் கற்றச்சர் பலருக்குப் பகுதி பகுதியாகப் பிரித்தளித்தார். முடிந்த வேலையை அளந்து, அளவுக்கேற்பப் பணம் வழங்குவதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது.

இம்முறையின் நியாயத்தை 1681-இல் ஆயர் ஜான் ஃபெல்லுக்கு எழுதிய மடலில் அவர் விளக்கினார். நாட்கூலி முறையில் சோம்பல் வெளிப்படும். அளவு முறையில் ஒவ்வொரு செலவும் தெளிவாகும். மொத்தக் குத்தகையிலோ, பழக்கமில்லாத வேலையை ஏற்றவன் நட்டமடைந்து, அதை ஈடுகட்டப் பணியைக் குறைத்துவிடுவான் என்பது அவர் கருத்து. பொருள் தருவோர் ஏமாறலாகாது. வேலையை ஏற்றவரும் கெடலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைந்த உள்ளம் அவருடையது.

அத்தகையவருக்கும் சோதனை வந்தது. 1696-இல் போர்ட்லாந்துத் தீவில் நிலம் சரிந்து, கல் வரத்துத் தடைப்பட்டது. 1697-இல் ஆலயத்தில் வழிபாடு தொடங்கிற்று. எனினும் கோபுரம் எழவில்லை. ஊதியத்தை நாடிப் பணியை நீட்டிக்கின்றார் என்ற ஐயத்தால், ஆண்டுக்கு 200 பவுனாயிருந்த அவரது சம்பளத்திற் பாதியைப் பணி நிறைவுறும்வரை பாராளுமன்றம் நிறுத்திவைத்தது. பிறருடைய கூலியை அளந்து கொடுத்தவரின் கூலி நிறுத்தப்பட்டது! ஆயினும் அவர் பணியைக் கைவிடவில்லை. கோபுர உச்சியின் கடைசிக் கல்லை, முதுமையுற்ற தந்தைக்காக அவருடைய மகனே அமைத்தார். 1711-இல் பணி நிறைவுற்றதென அறிவிக்கப்பட்டது. நிறுத்திவைத்த ஊதியமும் வந்து சேர்ந்தது. அப்போது ரென் எண்பதை நெருங்கியிருந்தார்.

1723-இல், தமது தொண்ணூறாம் வயதில், ரென் காலமானார். தாம் கட்டிய ஆலயத்தின் நிலவறையில், எளிய கற்பலகையின்கீழ் அவர் துயில்கின்றார். கொடுப்போர் காசும் உழைப்போர் கூலியும் ஒருங்கே காக்கப்பட்ட இடத்தில் எழுந்த அவ்வாலயம் இன்றும் நின்று நிலவுகின்றது.