மேகநாத் சாஹா: இந்தியாவுக்கு ஒரு புது நாள்காட்டி வடிவமைத்த விஞ்ஞானி, ஆண்டின் முதல் நாள் மார்ச் 22 ஆனது ஏன்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் தொடங்கி நடந்தால், அடி அண்ணாமலை வரும்போது பாதிக்கு மேல் தாண்டியிருப்போம். அங்கே டீக்கடையில் கால் நீட்டி உட்கார்ந்தால் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். பௌர்ணமி இன்னைக்கு ராத்திரி எத்தனை மணி வரைக்கும்? இன்னைக்கு நடக்கிறது கணக்கா, நாளைக்கு நடக்கிறது கணக்கா?

2024-ல் கார்த்திகை தீபம் ஏற்றப்பட்டது டிசம்பர் 13. ஆனா பௌர்ணமி திதி தொடங்கியதே மறுநாள் மாலைதான். தீபத்துக்குக் கார்த்திகை நட்சத்திரம் கணக்கு, கிரிவலத்துக்குப் பௌர்ணமி கணக்கு. இரண்டும் ஒரே நாளில் வரணும்னு கட்டாயமில்லை.

சரி, இந்த நாட்களை எல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? அந்தக் கணக்கு சரியா? சுதந்திர இந்தியாவில் இந்தக் கேள்வியை அரசாங்கமே ஒரு விஞ்ஞானியிடம் கொடுத்தது. அவர் பெயர் மேகநாத் சாஹா.

யார் இந்த சாஹா?

1893 அக்டோபர் 6-ம் தேதி, டாக்கா அருகே ஷாவராத்தொலி என்ற கிராமத்தில் பிறந்தவர். இன்று அது வங்கதேசம். அப்பா சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார், வீட்டில் எட்டுப் பிள்ளைகள். மேகநாதன் என்பது ராவணன் மகன் இந்திரஜித்தின் இன்னொரு பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

ஊரில் மேல்படிப்புக்குப் பள்ளி இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். சாப்பாடும் இடமும் இலவசம். ஆனால் தன் தட்டைத் தானே கழுவணும், மாட்டையும் பார்த்துக்கணும். சாதி அப்படி. 1905-ல் வங்கப் பிரிவினையை எதிர்த்த மாணவர்களோடு நின்றதற்காகப் பள்ளியில் இருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போனது.

பிறகு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. அங்கே விடுதியில் இவரோடு ஒரே கூடத்தில் சாப்பிட மற்ற மாணவர்கள் சிலர் மறுத்தார்கள். சரஸ்வதி பூஜையிலும் இவருக்கு இடம் இல்லை. அவருடைய வாழ்க்கையில் இந்த இடம் முக்கியமானது. பூஜைக்குள் சேர்க்கப்படாத பையன்தான், பல பத்தாண்டுகள் கழித்து, நாடு முழுக்கப் பூஜைகள் எந்த நாளில் வரணும் என்று கணக்குப் பார்க்கும் குழுவுக்குத் தலைவரானார்.

1920-ல் அவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு அவரை உலகப் புகழ் பெற வைத்தது. நட்சத்திரத்தில் இருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதன் வெப்பநிலை என்ன என்று சொல்ல உதவும் சமன்பாடு அது. இன்றும் வானியற்பியல் பாடப்புத்தகங்களில் சாஹா சமன்பாடு என்றே இருக்கிறது. 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1952 தேர்தலில் கல்கத்தாவில் நின்று மக்களவைக்கும் போனார்.

முப்பது நாள்காட்டிகள்

அதே 1952 நவம்பரில், அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி கவுன்சில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. தலைவர் சாஹா, செயலாளர் என்.சி. லாஹிரி. நாட்டில் அப்போது சுமார் 30 வகை நாள்காட்டிகள் புழக்கத்தில் இருந்தன. ஒரே பண்டிகை ஒரு ஊரில் இன்றைக்கு, பக்கத்து மாநிலத்தில் நாளைக்கு. மாதப் பெயரிலேயே குழப்பம். நமக்குச் சித்திரை பிறக்கும்போது வங்காளிகளுக்கு வைசாகம் பிறக்கும். ஒரே சூரியன், ஒரே ராசி, பெயர் மட்டும் ஒரு மாதம் தள்ளி!

சாஹாவை உறுத்தியது பெயர் அல்ல, வேறொரு பிழை.

பூமியின் அச்சு பம்பரம் தள்ளாடுவது போல மிக மெதுவாகச் சுழல்கிறது. ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. நம் பழைய பஞ்சாங்கங்கள் நட்சத்திரங்களை வைத்து ஆண்டை அளந்தன, இந்தத் தள்ளாட்டத்தை ஆண்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. பருவங்களோடு ஒத்துப்போகும் ஆண்டின் நீளம் 365.2422 நாள். சூரிய சித்தாந்தம் சொல்லும் ஆண்டு 365.2588 நாள். வித்தியாசம் ரொம்பச் சின்னது, அறுபது வருடத்துக்கு ஒரு நாள். ஆனா 1,400 வருடம் விட்டுவிட்டால் 23 நாள் சேர்ந்துவிடும்.

நம்ம வீட்டு உதாரணம் பொங்கல். தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறான், உத்தராயணம் தொடங்குகிறது என்கிறோம். உண்மையில் சூரியன் திரும்புவது டிசம்பர் 22-ஐ ஒட்டி. தை பிறப்பதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. சித்திரை முதல் நாளும் அப்படித்தான். இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளை ஒட்டி வந்திருக்க வேண்டியது, ஏப்ரல் 14-க்கு நகர்ந்துவிட்டது. இன்னும் நகரும். விட்டுவிட்டால் பருவங்களும் மாதங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போய்விடும் என்பதுதான் சாஹாவின் கவலை.

அவர் வரைந்த நாள்காட்டி எப்படி இருக்கும்?

ஆண்டு சக ஆண்டு. ஆங்கில ஆண்டில் 78-ஐக் கழித்தால் வரும். முதல் மாதம் சைத்ரம், முதல் நாள் மார்ச் 22. லீப் ஆண்டில் மார்ச் 21. சைத்ரத்துக்கு 30 நாள், லீப் ஆண்டில் 31. அடுத்த ஐந்து மாதங்களுக்குத் தலா 31, கடைசி ஆறுக்குத் தலா 30. கூட்டிப் பாருங்க, 365 வரும்.

ஏன் முதல் பாதியில் மட்டும் 31? ஜூலையை ஒட்டி பூமி சூரியனுக்குத் தொலைவில் இருக்கிறது, அதனால் மெதுவாக நகர்கிறது. ஒவ்வொரு ராசியையும் கடக்க நாள் கூடுதலாக ஆகும். நம்ம ஆனி நீளமாகவும் மார்கழி குட்டையாகவும் இருப்பது இதே காரணத்தால்தான். அந்தப் பழைய அறிவை சாஹா தூக்கி எறியவில்லை, ஒழுங்குபடுத்தினார்.

பண்டிகைகளுக்கு மட்டும் குழு ஒரு சமரசம் செய்துகொண்டது. 23 நாளை ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளினால் ஊர் கொதிக்கும். அதனால் 1956 மார்ச் 21 அன்று நட்சத்திரக் கணக்குக்கும் பருவக் கணக்குக்கும் உள்ள இடைவெளி 23 பாகை 15 கலை என்று நிர்ணயித்தார்கள். இதைத்தான் பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்பார்கள். அறிக்கை 1955-ல் வந்தது. கறாரான அறிவியல்காரர் இவ்வளவு இறங்கி வந்தது எனக்கு ஆச்சரியம்தான்.

அதே 1955-ல் இன்னொரு நாள்காட்டி

ஒரு சுவாரஸ்யமான ஒற்றுமை. 1955 அக்டோபரில் இங்கிலாந்தில் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையின் மூன்றாம் பாகம் வெளியானது. அதன் பின்னிணைப்பில் ஹாபிட்டுகளுக்கென்றே ஒரு நாள்காட்டி உண்டு. 12 மாதம், எல்லா மாதமும் 30 நாள், மாதத்தில் சேராத சில நாட்கள் தனி. ஆண்டின் நடுநாளுக்குக் கிழமையே கிடையாது. அதனால் ஒவ்வொரு தேதியும் எல்லா ஆண்டும் ஒரே கிழமையில் வரும்.

கிட்டத்தட்ட இதே உத்தியில் உலக நாள்காட்டி என்ற நிஜத் திட்டமும் அப்போது இருந்தது. அதை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது இந்தியா. சாஹாவே 1954-ல் ஜெனிவாவுக்குப் போய் அதற்காகப் பேசினார். கிழமை இல்லாத நாள் வந்தால் வாரத்தின் ஏழாம் நாள் வழிபாடு தடம் புரளும் என்று மத அமைப்புகள் எதிர்த்தன. அமெரிக்காவும் ஆதரிக்கவில்லை, 1956-ல் விஷயம் கிடப்பில் போடப்பட்டது. கற்பனை நாட்டில் கிழமையை நிறுத்தலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

நாள்காட்டி வந்தது, அவர் இல்லை

1956 பிப்ரவரி 16. டெல்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் சரிந்தார் சாஹா. வயது 62. அடுத்த ஆண்டு, 1957 மார்ச் 22 அன்று, சக ஆண்டு 1879 சைத்ரம் 1 என்று தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது.

இன்றும் மத்திய அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது. ஆனா தெருவில் கேட்டுப் பாருங்க, யாருக்குத் தெரியும்? மார்ச் 22 நமக்குப் பங்குனி 8 அல்லது 9. அன்றைக்குப் புத்தாண்டு என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? தமிழ்ப் புத்தாண்டு தையா சித்திரையா என்று 2008-லும் 2011-லும் சட்டம் போட்டு மாற்றியபோதுகூட பங்குனி பேச்சுக்கே வரவில்லை.

பஞ்சாங்கச் சண்டையும் ஓயவில்லை. 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதம் சொன்னது. எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான், 2026-ல்தான் பெயர்ச்சி என்று திருநள்ளாறு கோயில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் சாஹா குழுவின் ஒரு வேலை மட்டும் நமக்குத் தெரியாமலே நம் கைக்கு வந்துவிட்டது. பௌர்ணமி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம் மட்டும்தான், அதற்கு அயனாம்சம் தேவையில்லை. நட்சத்திரத்துக்குத் தேவை. ஒரு பாகை மாறினால் கார்த்திகை நட்சத்திரம் தொடங்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மாறும். அடி அண்ணாமலை டீக்கடையில் உட்கார்ந்து செல்போன் பஞ்சாங்கத்தின் செட்டிங்ஸைத் திறந்தால் அயனாம்சம் என்ற இடத்தில் பெரும்பாலும் லாஹிரி என்றுதான் இருக்கும். சாஹா குழுவின் செயலாளராக இருந்த அதே லாஹிரிதான்.