ஜோசபின் பட்லர்

இங்கிலாந்தில் 1864-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. படைவீரரை நோயினின்று காக்க, விலைமகளிர் எனச் சந்தேகிக்கப்பட்ட பெண்களுக்குக் கட்டாய மருத்துவச் சோதனை, ஆண்களுக்கு ஏதுமில்லை!

அதே ஆண்டில், ஆங்கிலிக்கன் குருவின் மனைவியான ஜோசபினின் சிறுமகள் மாடியிலிருந்து விழுந்து இறந்தாள். துயரத்தோடு லிவர்பூல் சென்றவர், ஏழையர் விடுதிப் பெண்களோடு தரையில் அமர்ந்து பழங்கயிறு பிரித்தார். நோயுற்றோரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். நம்மில் எத்தனை பேர் அப்படிக் கதவைத் திறப்போம்?

அரசே தீமைக்கு அனுமதி முத்திரை குத்துகிறது என்று 1869 முதல் மேடைகளில் முழங்கினார். 1870-இல் கோல்செஸ்டர் இடைத்தேர்தலில் அவர் தங்கிய விடுதியைக் கும்பல் முற்றுகையிட்டது. ஆயினும் அரசுத் தரப்பு வேட்பாளர் தோற்றார். 1886-இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் இந்தியப் படைமுகாம்களில் அதே முறை தொடர்ந்ததால், முதுமையிலும் அவர் ஓயவில்லை.