ழான் மொனே

ழான் மொனே (நவம்பர் 9, 1888 - மார்ச் 16, 1979) பிரான்சு நாட்டைச் சேர்ந்த வணிகரும் நிருவாகியும் இராசதந்திரியும் ஆவார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஐரோப்பிய நாடுகள் தம் இறைமையின் ஒரு பகுதியைப் பொது அமைப்புகளிடம் ஒப்படைத்து ஒன்றிணைந்த முயற்சியின் முதன்மைச் சிற்பியாக இவர் கருதப்படுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்தின் திட்டத்தை வகுத்தவரும், அதன் உயர் ஆணையத்தின் முதல் தலைவராக 1952 முதல் 1955 வரை பணியாற்றியவரும் இவரே. மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் பதவி எதையும் இவர் வகித்ததில்லை. பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றதில்லை. ஆங்கில எழுத்துகளை ஒட்டி இவர் பெயர் தமிழில் ஜீன் மொனெட் என்றும் எழுதப்படுவதுண்டு. பிரெஞ்சு ஒலிப்புக்கு நெருங்கியது ழான் மொனே என்பதாகும்.

இளமை

மொனே தென்மேற்குப் பிரான்சில் உள்ள கொன்யாக் என்னும் நகரில் பிறந்தார். திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்து எடுக்கப்படும் பிராந்தி வகைக்குப் பெயர் தந்த ஊர் அது. இவருடைய குடும்பமும் அவ்வணிகத்திலேயே ஈடுபட்டிருந்தது. சரக்கின் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கே சென்றமையால், அயல்நாட்டு வணிகர்கள் வீட்டிற்கு வந்து போவது சிறு வயதிலிருந்தே இவருக்குப் பழக்கமாக இருந்தது. பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு விலகிய இவரை, ஆங்கிலமும் வணிகமும் கற்க இலண்டனுக்கு அனுப்பினார் தந்தை. பின்னர் நிறுவனத்தின் முகவராகக் கனடா, ஐக்கிய அமெரிக்கா, உருசியா, எகிப்து முதலிய நாடுகளுக்குப் பயணம் செய்தார். இவருடைய கல்வி இதுவே எனலாம்.

கப்பல்களும் கோதுமையும்

1914 ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் தொடங்கியபோது உடல்நலக் குறைவு காரணமாக மொனே படையில் சேர்க்கப்படவில்லை. பிரான்சும் பிரித்தானியாவும் ஒரே எதிரியுடன் போரிட்டாலும், சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களாகவே நடந்து கொண்டதை இவர் கவனித்தார். இரு நாடுகளும் அதே கோதுமைக்கும் அதே கப்பல்களுக்கும் தனித்தனியே விலை பேசின. அதனால் விலையும் வாடகையும் ஏறின. அவ்வாண்டு பிரெஞ்சு அரசு போர்தோ நகருக்கு இடம்பெயர்ந்திருந்த நாட்களில், இருபத்தைந்து வயதான இவர் குடும்ப நண்பர் ஒருவர் மூலம் பிரதமர் ரெனே விவியானியைச் சந்தித்து, கொள்முதலையும் கப்பல் போக்குவரத்தையும் இரு நாடுகளும் கூட்டாகச் செய்ய வேண்டும் என வலியுறுத்தினார். பிரதமர் இதனை ஏற்று இவரை இலண்டனுக்கு அனுப்பினார். 1918 இல் செயல்பட்ட நேச நாடுகளின் கடல் போக்குவரத்து மன்றம் வரை இப்பணி வளர்ந்தது. கூடிப் பேசுவதற்கும் ஒரே வளத்தைக் கூட்டாக நிருவகிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மொனே கற்றுக் கொண்டது இங்கேதான். பிற்காலத்தில் இவர் செய்தவை அனைத்திற்கும் வித்து இதில் உள்ளது.

போர் முடிந்ததும், முப்பதை ஒட்டிய வயதிலேயே, உலக நாடுகள் சங்கத்தின் துணைப் பொதுச் செயலாளராக அமர்த்தப்பட்டார். முதன்மையான முடிவுகளுக்கு உறுப்பு நாடுகள் அனைத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டதால், ஒரே நாடு மறுத்தாலும் முடிவு நின்றுபோனதை அங்கே கண்டார். 1923 இல் பதவி விலகி, நலிந்திருந்த குடும்ப வணிகத்தைச் சீர்செய்யச் சென்றார். பின்னர் அமெரிக்க முதலீட்டு வங்கி ஒன்றில் சேர்ந்து, போலந்து, உருமேனியா நாடுகளின் நாணயங்களை நிலைப்படுத்தும் கடன் திட்டங்களில் பணியாற்றினார். அமெரிக்காவில் ஈட்டிய பெருஞ்செல்வத்தைப் பொருளாதாரப் பெருமந்தத்தில் இழந்தார். 1930களின் நடுவில் சீனாவின் தொடர்வண்டித் துறைக்கு முதலீடு திரட்ட முயன்றார்.

இவருடைய திருமணம் தனிக்கதை. இத்தாலிய ஓவியரான சில்வியாவை 1929 இல் சந்தித்தார். அவர் ஏற்கெனவே மணமானவர்; இத்தாலியில் அந்நாளில் மணமுறிவுக்குச் சட்டத்தில் இடமில்லை. இறுதியில் சில்வியா சோவியத் குடியுரிமை பெற்று மணமுறிவு அடைய, 1934 இல் இருவரும் மாசுக்கோவில் மணம் செய்து கொண்டனர். இவர்களுக்கு இரு மகள்கள்.

நிறைவேறாத ஒன்றியம்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மொனே மீண்டும் இலண்டனில், பிரெஞ்சு - பிரித்தானிய ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவரானார். 1940 சூன் மாதம் பிரான்சு வீழும் நிலையில் இருந்தபோது, இரு நாடுகளும் ஒரே குடியுரிமையுடன் ஒரே நாடாக இணைய வேண்டும் என்ற வியப்பூட்டும் திட்டத்தை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். சூன் 16 அன்று சர்ச்சிலின் அமைச்சரவை அதனை ஏற்றது. அப்போது இலண்டனில் இருந்த சார்லசு டி கோல் தொலைபேசி வழியாக அதனைப் பிரதமர் ரெனோவுக்குத் தெரிவித்தார். ஆனால் அன்று மாலையே ரெனோ பதவி விலகினார். அடுத்து வந்த பெத்தேன் மறுநாளே போர்நிறுத்தம் கோரினார். திட்டம் ஒரு நாள் கூட உயிர் வாழவில்லை. தேச ஒருமைப்பாட்டைப் பின்னாளில் உயிரெனப் பேணிய டி கோலே அன்று அச்செய்தியைச் சொன்னவர் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அதன்பின் மொனே பிரித்தானிய அரசின் சார்பில் வாசிங்டன் சென்று, போர்த்தளவாடக் கொள்முதலில் பணியாற்றினார். அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தி இலக்குகளைப் பெருமளவு உயர்த்த வேண்டும் என்று தொடர்ந்து வற்புறுத்தியவர்களில் இவர் முக்கியமானவர். 1943 இல் அல்சீர்சு நகரில் அமைந்த பிரெஞ்சு தேசிய விடுதலைக் குழுவில் உறுப்பினரானார். ஐரோப்பிய நாடுகள் முழு இறைமையுடன் தனித்தனியே மீண்டும் எழுந்தால் அமைதி நிலைக்காது என்று அவ்வாண்டு ஆகத்து மாதக் குறிப்பு ஒன்றில் இவர் எழுதி வைத்தார்.

திட்ட ஆணையம்

1946 இல் பிரான்சின் திட்ட ஆணையத்திற்கு மொனே முதல் தலைவரானார். நிலக்கரி, மின்சாரம், எஃகு, சிமெந்து, வேளாண் பொறிகள், போக்குவரத்து ஆகிய ஆறு அடிப்படைத் துறைகளுக்கு முன்னுரிமை தரும் இவரது திட்டம் மொனே திட்டம் என அழைக்கப்பட்டது. அமெரிக்காவின் மார்சல் உதவி இதற்குக் கைகொடுத்தது. பணியாளர்கள் சிலரே, தொழிற்சங்கத்தினர், முதலாளிகள், அதிகாரிகள் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்திப் பேச வைப்பதே இவருடைய முறையாக இருந்தது.

ஆனால் இத்திட்டத்தினுள் ஒரு சிக்கல் இருந்தது. பிரான்சின் லொரேன் பகுதியில் இரும்புத்தாது உண்டு. அதனை உருக்கத் தேவையான கற்கரியோ செருமனியின் ரூர் பள்ளத்தாக்கிலிருந்து வர வேண்டியிருந்தது. ரூர் பகுதியின் உற்பத்தியை நேச நாடுகள் கட்டுப்படுத்தி வந்தன. மேற்கு செருமனி 1949 இல் தனி அரசாக அமைந்து, பனிப்போரும் முற்றிய நிலையில், அக்கட்டுப்பாடுகள் நெடுநாள் நீடிக்கா என்பது தெளிவாயிற்று. அவை நீங்கினால் செருமானிய எஃகு பிரான்சை மீண்டும் அச்சுறுத்தும். நீக்காவிட்டால் செருமானியரிடம் மனக்கசப்பு வளரும். முதல் உலகப் போருக்குப் பின் இரண்டாவது வழியை முயன்று பார்த்ததன் விளைவை அனைவரும் கண்டிருந்தனர்.

சூமன் அறிக்கை

மொனே தேர்ந்தது மூன்றாவது வழி. இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆணையத்தின் கீழ் வைப்பது. பிற நாடுகள் விரும்பினால் சேரலாம். படைக்கலங்கள் செய்யத் தேவையான இவ்விரு பொருள்களும் ஒரு நாட்டின் தனிக்கட்டுப்பாட்டில் இல்லாமற் போனால், அந்நாடுகளுக்கிடையே போர் நடைமுறையில் இயலாததாகும் என்பது இதன் அடிப்படை. கட்டுப்பாடு செருமனிக்கு மட்டும் அன்று, பிரான்சுக்கும் உண்டு. இச்சமநிலையே திட்டத்தின் உயிர்நாடி.

1950 ஏப்ரலில் சட்டப் பேராசிரியர் பால் ரொய்ட்டர், பொறியாளர் எத்தியேன் இர்சு, பொருளியலாளர் பியேர் உரி ஆகியோருடன் சேர்ந்து மொனே இதனை எழுதினார். பல முறை திருத்தி எழுதப்பட்ட வரைவு, வெளியுறவு அமைச்சர் இராபர்ட் சூமனின் கைக்குச் சென்றது. வார இறுதியில் ஊருக்குப் போன சூமன் அதனைத் தொடர்வண்டியில் எடுத்துச் சென்று படித்து, திரும்பியதும் ஏற்றுக் கொண்டார். சூமன் இலக்சம்பர்க்கில் செருமானியக் குடிமகனாகப் பிறந்து, முதல் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். எல்லைப்புற மக்கள் பட்ட பாட்டை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

திட்டம் இறுதிவரை மறைவாகவே வைக்கப்பட்டது. அமைச்சர்கள் பலருக்கே தெரியாது. மே 9 காலையில் சூமனின் தூதர் ஒருவர் பான் நகரில் மேற்கு செருமனியின் தலைமை அமைச்சர் அடினாவரின் ஒப்புதலைப் பெற்றார். அன்று மாலை பாரிசில் சூமன் அறிக்கையை வெளியிட்டார். இத்தகைய மறைவு மக்களாட்சி முறைக்கு உகந்ததா என்னும் வினா அன்றே எழுந்தது. முன்கூட்டியே வெளிப்பட்டிருந்தால் எஃகு முதலாளிகளின் எதிர்ப்பில் திட்டம் மூழ்கியிருக்கும் என்பதும் உண்மையே.

பிரித்தானியா சேர மறுத்தது. 1947 இல்தான் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிய தொழிற்கட்சி அரசு, அவற்றின் மீதான அதிகாரத்தை வெளியாரிடம் ஒப்படைக்க விரும்பவில்லை. அதிகாரத்தைப் பகிர்வது என்ற கொள்கையை முதலில் ஏற்ற பின்னரே பேச்சுவார்த்தை என்பதில் மொனே விட்டுக்கொடுக்கவில்லை. பிரான்சு, மேற்கு செருமனி, இத்தாலி, பெல்சியம், நெதர்லாந்து, இலக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ஏப்ரல் 18, 1951 இல் பாரிசு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

உயர் ஆணையத்தின் தலைவர்

உயர் ஆணையம் 1952 ஆகத்து மாதம் இலக்சம்பர்க் நகரில் பணியைத் தொடங்கியது. அதன் உறுப்பினர்கள் ஒன்பதின்மர்; தம்மை அமர்த்திய அரசுகளிடமிருந்து அவர்கள் ஆணை பெறக் கூடாது என உடன்படிக்கை விதித்தது. ஆணையத்தைக் கண்காணிக்க ஒரு பேரவையும், அரசுகளின் சார்பில் அமைச்சர் மன்றமும், வழக்குகளைத் தீர்க்க ஒரு நீதிமன்றமும் அமைந்தன. பிற்கால ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையம், நாடாளுமன்றம், மன்றம், நீதிமன்றம் ஆகியவற்றின் மூலவடிவம் இதுவே ஆகும்.

ஆணையத்தின் வருவாய் நாடுகளின் சந்தாவாக வரவில்லை. நிலக்கரி, எஃகு நிறுவனங்களின் உற்பத்தி மதிப்பின் மீது, பொதுவாக 1 விழுக்காட்டுக்கு மிகாத தீர்வையை ஆணையமே நேரடியாக வசூலித்தது. 1953 பெப்ரவரியில் நிலக்கரிக்கும் இரும்புத்தாதுவுக்கும், மே மாதம் எஃகுக்கும் பொதுச்சந்தை திறக்கப்பட்டது. சுங்க வரியை நீக்குவது மட்டும் போதவில்லை. எல்லையைக் கடக்கும் சரக்குத் தொடர்வண்டிக்கு எல்லையின் இருபுறமும் இரண்டு தனிப் பயணங்களாகக் கட்டணம் கணக்கிடப்பட்டது. ஒரே பாதையில் உள்நாட்டுச் சரக்குக்கு ஒரு விலை, அயல்நாட்டுச் சரக்குக்கு வேறு விலை. இத்தகைய மறைமுகத் தடைகளைப் படிப்படியாகக் களைந்ததே ஆணையத்தின் உண்மையான உழைப்பு. எஃகு விலைகளைக் கட்டுக்குள் கொண்டு வருவதிலும் தொழிற்கூட்டுகளை உடைப்பதிலும் அது எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை.

பெருந்தோல்வி வேறிடத்தில் நேர்ந்தது. கொரியப் போரின்போது மேற்கு செருமனிக்குப் படை வேண்டும் என அமெரிக்கா வற்புறுத்தியதால், அப்படையை ஐரோப்பியப் பொதுப் படை ஒன்றின் பகுதியாக்கும் திட்டத்தை மொனே முன்மொழிந்தார். ஆறு நாடுகளும் 1952 இல் அதற்கு உடன்படிக்கை செய்தன. ஆனால் ஆகத்து 30, 1954 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றமே அதனைத் தள்ளியது. கரியையும் இரும்பையும் பகிர்ந்த நாடு படையைப் பகிர முன்வரவில்லை. தடையின்றிச் செயலாற்ற விரும்பிய மொனே, மறு பதவிக்காலத்தை நாடாமல் 1955 சூன் மாதம் விலகினார்.

செயற்குழு

அவ்வாண்டு அக்டோபரில் ஐரோப்பிய ஐக்கிய நாடுகளுக்கான செயற்குழுவை நிறுவினார். தனிமனிதர்களை அன்றி, ஆறு நாடுகளின் கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் அமைப்புகளாகவே இதில் சேர்த்தார். பொதுவுடைமைக் கட்சிகளும் டி கோல் ஆதரவாளர்களும் இதில் இல்லை. நிலக்கரி எஃகுச் சமூகத்தை எதிர்த்த செருமானிய சமூக சனநாயகக் கட்சி இக்குழுவில் சேர்ந்து, பின்னர் 1957 ஆம் ஆண்டின் உரோமை உடன்படிக்கைகளுக்கு ஆதரவாக வாக்களித்தது குறிப்பிடத்தக்கது. அணுவாற்றல் கூட்டமைப்பே முதன்மையானது என மொனே நம்பினார். வரலாறு வேறு விதமாக அமைந்தது: அதனுடன் பிறந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமே பெருமரமாயிற்று.

1958 இல் ஆட்சிக்குத் திரும்பிய டி கோல், தேசங்களுக்கு மேற்பட்ட அதிகாரத்தை ஏற்கவில்லை. பிரித்தானியா சேர்வதை 1963 இலும் 1967 இலும் அவர் தடுத்தார். மொனே தொடர்ந்து ஆதரித்த அச்சேர்க்கை 1973 இல்தான் நிறைவேறியது. 2020 இல் பிரித்தானியா வெளியேறியது.

இறுதிக் காலம்

1975 மே 9 அன்று மொனே செயற்குழுவைக் கலைத்தார். 1976 இல் ஐரோப்பிய மன்றம் இவருக்கு ஐரோப்பாவின் மதிப்புறு குடிமகன் என்னும் பட்டத்தை வழங்கியது. இப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே. இவருடைய நினைவுக் குறிப்புகள் நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. முன்னதாக 1953 இல் செருமனியின் ஆகன் நகர் வழங்கும் சார்லமேன் பரிசையும், 1963 இல் அமெரிக்காவின் விடுதலைக்கான குடியரசுத் தலைவர் பதக்கத்தையும் பெற்றிருந்தார்.

வல்லுநர்களும் அதிகாரிகளும் மேலிருந்து கட்டிய ஐரோப்பா மக்களிடம் வேரூன்றவில்லை என்பது இவரது முறையின் மீது வைக்கப்படும் முதன்மையான குறை. ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்கு மக்களே நேரடியாக வாக்களித்த முதல் தேர்தல் 1979 சூன் மாதம் நடந்தது. மொனே அதற்கு மூன்று மாதங்கள் முன்பு, மார்ச் 16 அன்று, பாரிசுக்கு மேற்கே ஊழாரே என்னும் சிற்றூரில் உள்ள தம் வீட்டில் தொண்ணூறாம் வயதில் காலமானார். பிறந்த நூற்றாண்டு நாளான நவம்பர் 9, 1988 அன்று இவரது எச்சங்கள் பாரிசின் பாந்தியன் நினைவகத்திற்கு மாற்றப்பட்டன. சூமன் அறிக்கை உருவான காலத்தில் இவர் வாழ்ந்த ஊழாரே வீட்டை ஐரோப்பிய நாடாளுமன்றம் 1982 இல் வாங்கியது.