சார்லஸ் கோர்ட்னி: அறுக்கப்பட்ட படகும் 14 வெற்றிகளும்

அமெரிக்கத் துடுப்புப் படகோட்ட வரலாற்றில் தலைசிறந்த பயிற்சியாளர்கள் யார் என்று தேடினால், சார்லஸ் கோர்ட்னி என்ற பெயர் கண்டிப்பாக வரும். ஆனால் அவர் வீரராக இருந்த காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் வேற கதை. பயந்தவர், பணத்துக்குத் தோற்றவர் என்றெல்லாம் அவரைப் பற்றிப் பேசினார்கள். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

செங்கிலோ மலாக்கா டவுனிலோ இருக்கும் உங்களுக்குப் படகுப் போட்டி என்றதும், புத்ராஜெயா ஏரியில் நடக்கும் டிராகன் படகுதான் ஞாபகத்துக்கு வரும். அதில் எல்லாரும் போகும் திசையைப் பார்த்து உட்காருவார்கள். துடுப்பு கையில் மட்டும்தான் இருக்கும்.

ரோயிங் அப்படி இல்லை. இதில் வீரர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் முன்னால் போவார். துடுப்பு படகின் விளிம்பில் ஒரு பிடியில் மாட்டப்பட்டிருக்கும். இருக்கை முன்னும் பின்னும் நகரும். அதனால் கையைவிட காலுக்குத்தான் வேலை அதிகம். தனியாக ஓட்டுபவர் இரண்டு கையிலும் இரண்டு துடுப்பு பிடிப்பார். எட்டுப் பேர் ஓட்டும் படகில் ஆளுக்கு ஒரே துடுப்பு. வழி சொல்ல ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார்.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளில் இந்தத் தனி ஆள் போட்டிக்கு அப்படியொரு மவுசு. ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். கூட்டத்தோடு சூதாட்டப் பணமும் கூடும். கோர்ட்னிக்கு வந்த வினையே அதுதான்.

கோர்ட்னி எங்கிருந்து வந்தார்?

1849 நவம்பர் 13-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில், காயுகா ஏரிக்கரையில் உள்ள யூனியன் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். தொழில் தச்சு வேலை. ஏரி வாசலிலேயே இருந்ததால் படகு அவருக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. பரிசுப் பணம் வாங்காத அமெச்சூர் வீரராக அவர் ஒன்றன் பின் ஒன்றாக ஜெயித்துக்கொண்டே போனார். 1876-இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டுக்காக பிலடெல்ஃபியாவில் நடந்த போட்டியில் தனி ஆள் பிரிவிலும் இரட்டையர் பிரிவிலும் அவர்தான் முதலிடம்.

அதே நிகழ்வில், பணத்துக்காக ஓட்டும் தொழில்முறைப் பிரிவில் ஜெயித்தவர் டொரொண்டோவைச் சேர்ந்த 21 வயது இளைஞர் நெட் ஹேன்லன். அடுத்த ஆண்டு கோர்ட்னியும் தொழில்முறைக்கு மாறினார். இனி இவர்கள் இரண்டு பேரும் மோதாமல் இருக்க முடியுமா?

அந்த மூன்று போட்டிகளில் என்ன நடந்தது?

முதல் மோதல் 1878 அக்டோபரில், கனடாவின் லஷீன் நகரில். ஐந்து மைல் தூரம். ஹேன்லன் ஒன்றேகால் படகு நீளத்தில் ஜெயித்தார். முடிவை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார்கள் என்ற வதந்தி உடனே கிளம்பியது.

இரண்டாவது, 1879 அக்டோபர் 16. இடம், நியூயார்க் மாநிலத்தின் ஷடாக்வா ஏரி. ஒரு மருந்து நிறுவனம் அறிவித்த பரிசு 6,000 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. போட்டிக்கு முந்தின ராத்திரி, கோர்ட்னியின் படகுகளை யாரோ ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள். மறுநாள் அவர் போட்டியில் இறங்கவில்லை. ஹேன்லன் மட்டும் தனியாக அந்தத் தூரத்தை ஓட்டி முடித்தார்.

அறுத்தது யார்? சூதாட்டக்காரர்கள் என்றனர் சிலர். ஹேன்லன் பக்கத்து ஆட்கள் என்றனர் சிலர். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் கோர்ட்னி தரப்பே செய்துகொண்டது என்றும் பலர் சொன்னார்கள். கடைசிவரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

மூன்றாவது, 1880 மே 19, வாஷிங்டனில் பொட்டோமக் ஆறு. ஹேன்லன் முந்திப் போக, கோர்ட்னி பாதியிலேயே படகைத் திருப்பிவிட்டார். வெயிலில் உடம்பு சரியில்லை என்பது அவர் தரப்பு விளக்கம். கேட்பதற்கு யாரும் தயாராக இல்லை. மூன்று போட்டி, மூன்று சந்தேகம். அதே ஆண்டு நவம்பரில் லண்டன் தேம்ஸ் ஆற்றில் ஆஸ்திரேலியாவின் எட்வர்ட் டிரிக்கெட்டைத் தோற்கடித்து ஹேன்லன் உலக சாம்பியன் ஆனார். கோர்ட்னியின் பெயரோ கெட்டுப்போனது.

அப்புறம் அவரைப் பயிற்சியாளராக எடுத்தது யார்?

காயுகா ஏரியின் தெற்கு முனையில் இருக்கிறது இத்தாக்கா நகரம். அங்குள்ள கொர்னெல் பல்கலைக்கழக மாணவர்களின் படகுக் குழுவுக்கு 1883-இல் கோர்ட்னி பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 1889 முதல் அதுவே முழுநேர வேலை. வேற ஊருக்கு ஓடிப்போகவில்லை, பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பிறந்த ஏரியின் மறுமுனைக்குப் போனார், அவ்வளவுதான்.

இங்கே வேலை முற்றிலும் வேற. தனி ஆள் படகில் நீங்கள் மட்டும்தான். எட்டுப் பேர் படகில், எட்டுத் துடுப்பும் ஒரே நொடியில் தண்ணீரில் இறங்க வேண்டும், ஒரே நொடியில் வெளியே வர வேண்டும். ஒருவர் மட்டும் வேகம் காட்டினால் படகு ஆடும், வேகம் குறையும். இழுத்து முடித்ததும் இருக்கையில் அவசரமாக முன்னால் பாய்ந்தால், உடம்பின் எடையே ஓடும் படகைப் பின்னால் தள்ளும். பலசாலிகள் எட்டுப் பேர் கிடைத்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான். பல ஆண்டு தனியாகத் துடுப்பு போட்ட தச்சர் ஒருவருக்கு, படகின் உடம்பும் தெரியும், அதில் உட்காரும் மனிதனின் உடம்பும் தெரியும்.

கண்டிப்பில் ஆள் பயங்கரம். என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது என்று பட்டியல் போடுவார். ஒரு பெரிய போட்டி நெருங்கும் நேரத்தில், தடையை மீறி ஸ்ட்ராபெரி கேக் சாப்பிட்டதற்காக முதல் குழுவிலிருந்து ஐந்து பேரைத் தூக்கிவிட்டார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. மாணவர்கள் அவரைக் கிழவர் என்றே அழைத்தார்கள்.

பலன் கிடைத்ததா?

1895-இல் கொர்னெல் குழு இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஹென்லி போட்டிக்குப் போனது. லியாண்டர் கிளப் தயாராகாத நிலையில் போட்டி தொடங்கிவிட, கொர்னெல் நிற்காமல் ஓட்டிச் சென்று ஜெயித்தது. இது விளையாட்டு நாகரிகமா என்று ஆங்கிலேயர்கள் கொதித்தார்கள். அடுத்த சுற்றில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் குழுவிடம் கொர்னெல் தோற்றது. பழைய கறையோடு புதிதாக இன்னொன்று.

ஆனால் அதே 1895-இல்தான் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில், பொகிப்சி நகரில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆண்டுப் போட்டி தொடங்கியது. தூரம் நான்கு மைல். 1896-இல் கொர்னெல் ஜெயித்தது. 1897-இல் ஹார்வர்டையும் யேலையும் அதே ஆற்றில் தோற்கடித்தது. 1901-இல் 18 நிமிடம் 53 விநாடியில் கொர்னெல் வைத்த சாதனையை, 1928 வரை யாராலும் தொட முடியவில்லை. 1909 முதல் 1912 வரை தொடர்ந்து நான்கு ஆண்டும் கொர்னெல்தான்.

1915-இல் பொகிப்சிக்குப் போகும் ரயிலில் கோர்ட்னிக்குத் தலையில் பலத்த அடி. அந்த ஆண்டும் அவருடைய பிள்ளைகள் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக மீளவில்லை. 1920 ஜூலையில், 70 வயதில் காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர் கொர்னெலில் படகு கட்டிக்கொண்டிருந்த ஜான் ஹோய்ல்.

ஹேன்லன் என்ன ஆனார்?

அவரும் பயிற்சியாளர் ஆனார். டொரொண்டோ பல்கலைக்கழகம், பிறகு 1900-இல் கொலம்பியா பல்கலைக்கழகம். ஆனால் பயிற்சியில் அவர் பெயர் பெரிதாக நிலைக்கவில்லை. 1908-இல் இறந்த அவருக்கு டொரொண்டோவில் சிலை இருக்கிறது. ஜெயிக்கத் தெரிந்தவருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது இல்லையா?

சரி, கோர்ட்னி நல்லவரா, கெட்டவரா?

ஒருவரின் ஒரு மோசமான நாளை வைத்து அவர் மொத்த வாழ்க்கைக்கும் முத்திரை குத்துவது நமக்கும் பழக்கமான விஷயம்தான். போனில் ஒரு வீடியோ போதும். கோர்ட்னியின் மீது விழுந்த முத்திரையை எந்த விசாரணையும் உறுதி செய்யவில்லை, எந்த விசாரணையும் துடைக்கவும் இல்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்று: 37 ஆண்டுகள் விடாமல் பிள்ளைகளைப் படகில் ஏற்றினார்.

ஷடாக்வாவில் ரம்பம் பிடித்த கை யாருடையது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. பொகிப்சி முடிவுகளில் அந்தக் குழப்பம் கிடையாது. அவர் காலத்தில் நடந்த 24 முதன்மை எண்மர் போட்டிகளில் கொர்னெல் வென்றவை 14.