இடிக்கும் முன் கேட்கச் சொன்னவர்!

சேவுகம்பட்டியில் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போகிறவர்களுக்கு, ஊர் வருவதற்கு முன்பே அந்தப் பாறை மலை தெரிந்துவிடும். மலையின் உச்சியில் கோட்டை. மதுரை நாயக்கர்கள் 1605-ல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. பிற்பாடு ஹைதர் அலியிடமும் திப்பு சுல்தானிடமும் இருந்தது. 1790-ல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

விடுமுறை நாளில் குழந்தைகளோடு மலை ஏறுகிறவர்கள் அங்கே ஒரு நீலப் பலகையைப் பார்க்கலாம். இந்தச் சின்னத்தைச் சிதைத்தால் சிறைத் தண்டனை உண்டு, அபராதம் உண்டு என்று அது எச்சரிக்கிறது. பலர் அதைப் படிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. அவர் நம் நாட்டை ஆண்ட வெள்ளைக்காரர். வங்காளத்தை இரண்டாகப் பிரித்து, தேசத்தையே கொதிக்க வைத்தவர். ஆம், கர்சன் பிரபுதான் அவர்!

மாளிகையில் பிறந்தவர்

ஜார்ஜ் நதானியல் கர்சன் 1859-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஒரு பிரபு; பாதிரியாராகவும் இருந்தவர். கெடில்ஸ்டன் என்ற இடத்தில் அவர்களுடைய மாளிகை இருந்தது.

இதில் ஒரு அதிசயம் உண்டு. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல்கள் குடியிருந்த மாளிகை, இந்தக் கெடில்ஸ்டன் மாளிகையைப் பார்த்துக் கட்டப்பட்டது. தன் வீட்டைப் போன்ற வீட்டில் ஒருநாள் குடியேறப் போகிறோம் என்று சிறுவன் கர்சனுக்கு அப்போது தெரியாது.

இளமை சுகமாக இல்லை. வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்த பெண்மணி மிகவும் கடுமையானவர். பதின்ம வயதில் முதுகெலும்பில் அடிபட்டது. அந்த வலி சாகும்வரை போகவில்லை. உடலை நிமிர்த்தி வைக்க ஒரு கவசப் பட்டியை அணிந்தே அவர் வாழ்ந்தார். பார்த்தவர்கள் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள். தலைக்கனமும் இருந்தது, வலியும் இருந்தது!

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். 1886-ல் பார்லிமெண்டுக்குப் போனார். பாரசீகம், மத்திய ஆசியா, கொரியா என்று சுற்றிப் புத்தகங்கள் எழுதினார். 1899 ஜனவரி 6-ந் தேதி இந்தியாவின் வைஸ்ராய் ஆனார். அவருக்கு நாற்பது வயது நிறைய இன்னும் ஐந்து நாள் இருந்தது!

மசூதியில் ஆபீஸ்!

புதிய வைஸ்ராய் ஊர் ஊராகப் போனார். பழைய கட்டிடங்களைத் தேடிப் பார்த்தார். அவர் கண்ட காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது.

ஆமதாபாத்தில் சிதி சையது மசூதி இருக்கிறது. அதன் கல் ஜன்னலில் மரமும் கொடியும் பின்னிக் கிடப்பது போன்ற வேலைப்பாடு உலகப் புகழ் பெற்றது. அந்த மசூதி சர்க்கார் ஆபீசாக இருந்தது! லாகூரில் தாய் அங்கா மசூதியில் ரயில்வே அதிகாரி உட்கார்ந்திருந்தார். பர்மாவில் மாந்தளே அரண்மனையில் வெள்ளைக்காரர்களின் கிளப் நடந்தது.

டில்லி செங்கோட்டையின் கதை இன்னும் மோசம். 1857-ம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு, கோட்டைக்குள் இருந்த அரண்மனைக் கட்டிடங்களில் பெரும்பகுதியைப் படையினர் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் சிப்பாய்களுக்குப் பாசறை கட்டினார்கள். இடிக்கலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

நம் பக்கத்திலும் இது நடந்தது. மதுரையைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்தார், அகழியைத் தூர்த்தார். ஊர் நெருக்கடியால் திணறியது. வீடு கட்ட இடம் வேண்டியிருந்தது. காரணம் நியாயமானதுதான். அந்த வேலையில் ஈடுபட்டவர்கள் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் இருக்கின்றன. கோட்டையில் மிஞ்சியது பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டுதான். எதை இடிக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து யோசிக்க அன்று ஒரு முறையே கிடையாது. கலெக்டர் வைத்ததுதான் சட்டம்.

ஒரு மாதத் தவணை

கர்சன் சும்மா இருக்கவில்லை. ஆபீஸ்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார். லாகூர் மசூதி 1903-ல் முஸ்லிம்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மாந்தளே கிளப்பும் இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. தாஜ்மகாலின் தோட்டத்தைச் சீராக்கினார். தாஜ்மகாலுக்குள் தொங்கவிட ஒரு விளக்கைக் கெய்ரோவில் செய்வித்தார்.

1902-ல் ஜான் மார்ஷல் என்ற இளைஞரைத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக்கினார். மொகஞ்சதாரோவின் பெருமையைப் பின்னாளில் உலகுக்கு அறிவித்தவர் இந்த மார்ஷல்தான்.

ஆனால் ஒரு வைஸ்ராயின் உத்தரவை அடுத்த வைஸ்ராய் மாற்றிவிடலாம். சட்டம் இருந்தால்தான் நிலைக்கும். 1904-ல் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது? ஒரு கட்டிடம் காப்பாற்றத் தக்கது என்று அரசாங்கம் நினைத்தால், அதை அறிவிக்கும். அறிவிப்பின் நகலைக் கட்டிடத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதலாம். அதை ஆராய்ந்த பிறகே அரசாங்கம் முடிவு சொல்ல வேண்டும். முடிவான பிறகு, அந்தக் கட்டிடத்தை இடித்தாலோ சிதைத்தாலோ 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1904-ல் 5,000 ரூபாய் என்றால் பெரும் பணம்!

வழிபாடு நடக்கும் கோயில்களையும் மசூதிகளையும் அரசாங்கம் கட்டாயமாக வாங்கக் கூடாது என்றும் சட்டம் சொன்னது.

கேளாத காது

பழைய கல்லுக்காக ஆட்சேபம் கேட்கச் சொன்ன கர்சன், உயிருள்ள ஜனங்களின் ஆட்சேபத்தைக் கேட்டாரா? இல்லை!

வங்காள மாகாணத்தை இரண்டாகப் பிரிக்க அவர் முடிவு செய்தார். ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. மனுக்கள் குவிந்தன. அவர் அசையவில்லை. 1905 அக்டோபர் 16-ந் தேதி பிரிவினை அமலுக்கு வந்தது. அன்னியத் துணிகள் நெருப்பில் எரிந்தன. சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் விட்டதும் அந்த அலையில்தான்.

அதற்குள் கர்சன் இன்னொரு சண்டையில் தோற்றிருந்தார். படைத் தலைவர் கிச்சனருடன் அதிகாரப் போட்டி. லண்டன் சர்க்கார் கிச்சனர் பக்கம் சாய்ந்தது. கர்சன் ராஜினாமா செய்து ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே அவர் மனைவி மேரி இறந்துபோனார். 1911-ல் வங்காளப் பிரிவினையே ரத்தாயிற்று.

ஆண்டவர் கட்டிய பிரிவினை ஆறு ஆண்டுதான் நின்றது. அவர் போட்ட பாதுகாப்புச் சட்டமோ நின்றுவிட்டது. ஒன்றில் ஜனங்களைக் கேட்கவில்லை; மற்றொன்றில் கேட்கச் சொன்னார்.

கப்பலேற இருந்த கல்

இங்கிலாந்திலும் அவருக்கு வேலை காத்திருந்தது. டாட்டர்ஷால் என்ற இடத்தில் சுமார் ஐந்நூறு ஆண்டுப் பழமையான செங்கல் கோட்டை. அதன் அழகான கல் கணப்பு அடுப்புகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். அவை அமெரிக்காவுக்குக் கப்பலேற இருந்தன. அதைத் தடுக்க அங்கே சட்டம் இல்லை!

1911-ல் கர்சன் தன் பணத்தைப் போட்டுக் கோட்டையை வாங்கினார். அடுப்புகளைத் தேடிப் பிடித்து மீட்டு, பழைய இடத்திலேயே பதித்தார்.

இந்தச் சம்பவம் ஆங்கிலேயரை விழிக்க வைத்தது. 1913-ல் புதுச் சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள பழைய கட்டிடத்தை இடிக்க நினைக்கும் சொந்தக்காரர், ஒரு மாதம் முன்னதாக அரசாங்கத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் குழு அதை ஆராயும். தேவையானால் இடிப்பு நிறுத்தப்படும். இன்று பல நாட்டு நகரங்களில் உள்ள முறையும் ஏறக்குறைய இதுதான். முதலில் விண்ணப்பம், பிறகு விசாரணை, கடைசியில்தான் கடப்பாரை.

1925 மார்ச் 20-ந் தேதி கர்சன் காலமானார். டாட்டர்ஷால் கோட்டையை நாட்டுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார்.

நம் ஊரில்

சுதந்திர இந்தியா 1958-ல் தன் சொந்தச் சட்டத்தைச் செய்தது. 2010-ல் அது மேலும் கடுமையாயிற்று. மத்திய அரசு காக்கும் சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவும் கூடாது.

ஆனால் பட்டியலில் இல்லாத கட்டிடங்கள்? சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு நடந்தது. 2010-ல் ஐகோர்ட்டு இடிப்பைத் தடுத்தது. பழைய கட்டிடங்களை ஆராய ஒரு குழுவும் அமைக்கச் சொன்னது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது அமலுக்கு வர 2024 ஆயிற்று.

பழையது எல்லாமே நிற்க வேண்டும் என்பதில்லை. விழப் போகும் சுவர் ஆளைக் கொல்லும். மதுரையைப் போல, ஊர் வளரவும் இடம் வேண்டும். ஆனால் இடித்த கட்டிடத்தை மறுபடி கொண்டுவர எந்த அரசாங்கத்தாலும் முடியாது. அதனால்தான் இடிக்கும் முன் கேட்க வேண்டியிருக்கிறது. சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். விஷயம் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். ஊராரையும் கேட்க வேண்டும்.

அடுத்த முறை திண்டுக்கல் மலைக்குப் போனால், அந்த நீலப் பலகைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கலாம். குழந்தைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லலாம்.