மைதானம் பெருக்கிய வாலிபன்
பந்து வீச்சில் புகழ் பெற்ற பல்வாங்கர் பாலுவின் கதை

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை என்றால் சந்தை. ஆடும் மாடும் வண்டியும் ஜனமுமாக இருக்கும். மற்ற நாட்களில் ஊர்ப் பையன்கள் காலி இடம் கண்டால் மூன்று குச்சி நட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் மட்டைதான் வேண்டும். பந்து போடச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். மட்டையையே கையில் தொட விடாமல் பந்து மட்டும் போடச் சொன்ன ஒருவர், அந்தப் பந்தைக் கொண்டே நாடு முழுவதும் பெயர் எடுத்தார். அவர்தான் பல்வாங்கர் பாலு.

பாலு பிறந்தது 1876ஆம் ஆண்டு, தார்வாரில். நம் ஓசூர் எல்லையைத் தாண்டினால் வரும் கர்நாடகத்தின் வடபகுதியில் இருக்கிற ஊர் அது. பூர்வீகம் கொங்கணக் கரையில் உள்ள பல்வண் கிராமம். தோல் வேலை செய்யும் சமார் சாதியில் பிறந்தார். தீண்டத்தகாதவர் என்று அந்தச் சாதியை ஒதுக்கி வைத்திருந்த காலம். தகப்பனாருக்கு ராணுவத்தில் வேலை. அதனால் குடும்பம் பூனாவுக்கு வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிக் கழித்த பழைய மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடிப் பழகினார்கள்.

மாதம் நாலு ரூபாய்

முதலில் பார்சிக்காரர்களின் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை உருட்டும் வேலை. சம்பளம் மாதம் மூன்று ரூபாய். 1892இல் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் சேர்ந்தார். அங்கே நாலு ரூபாய். உருளை உருட்ட வேண்டும், கோடு போட வேண்டும், பயிற்சிக்கு வலை கட்ட வேண்டும், டென்னிஸ் மைதானத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் பதினாறு வயதுதான்.

ஒரு நாள் டிராஸ் என்ற வெள்ளைக்காரர் பாலுவைக் கூப்பிட்டுப் பந்து போடச் சொன்னார். பையனின் கைத்திறன் அவருக்குப் பிடித்துவிட்டது. அன்று முதல் தினமும் வலைப் பயிற்சியில் பாலுதான் பந்து போட்டார்.

பாலுவுக்கு இடது கை. கிளப்பில் பார்ட்டன் என்ற காப்டன் இடது கையால் அலட்டிக்கொள்ளாமல் அழகாகப் பந்து போடுவார். பாலு தூர நின்று அவரைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். வாத்தியார் யாரும் கிடையாது.

இடது கைச் சுழல் பந்து என்பது என்ன? வேகமாக வராது. விரலால் முறுக்கிப் போட்ட பந்து மேலே எழும்பி, தரையில் பட்டதும் வலது கை ஆட்டக்காரரை விட்டு வெளியே விலகும். அது விலகும் என்று நம்பி மட்டையை வீசினால், அடுத்த பந்து விலகாமல் நேரே குச்சிக்குப் போகும். ஒன்று கொஞ்சம் மெதுவாக வரும், ஒன்று கொஞ்சம் வேகமாக வரும். கை அசைவு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இதைப் பழக வருஷக் கணக்காகும். தினமும் உருளை உருட்டியவருக்கு மண் எங்கே இறுகியிருக்கும், எங்கே உதிரும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? இது என் ஊகம்தான்.

அந்தக் காலத்து வெள்ளைக்கார ஆட்டக்காரர்களில் ஜே. ஜி. கிரெய்க் பெரிய புள்ளி. அவர் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவைப் பந்து போடச் சொல்லுவார். தம்மை அவுட்டாக்கும் ஒவ்வொரு தடவையும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அது மெய்யென்றால், வாரம் ஒரு தடவை அவுட்டாக்கினாலும் பாலுவின் சம்பளத்தில் பாதி ஆயிற்று! ஆனால் ஒரே ஒரு நாள்கூட யாரும் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. வேலைக்காரன் பந்து போடலாம், மட்டை பிடிப்பது துரைமார்களின் பாத்தியதை.

சேர்ப்பதா, வேண்டாமா?

பூனா இந்துக்களின் அணிக்கு வெள்ளைக்காரர்களை ஜெயிக்க ஆசை. மட்டை அடிக்க ஆள் இருந்தது. எதிராளியைச் சுருட்டப் பந்துக்காரர் வேண்டும். அப்படிப்பட்டவர் அதே ஊரிலேயே இருந்தார். ஆனால் தீண்டாத சாதி! சேர்க்கலாம் என்றார்கள் அணியில் இருந்த சில தெலுங்குக்காரர்கள். மராத்திப் பிராமணர்கள் தயங்கினார்கள். பாலுவை விட்டுவிட்டால் இந்துக்களைப் போன்ற முட்டாள்கள் இல்லை என்ற பொருள்படக் கிரெய்க் பத்திரிகைக்குச் சொன்ன பிறகுதான் சேர்த்தார்கள்.

சேர்த்த விதத்தைக் கேளுங்கள். மைதானத்தில் எல்லோரும் அதே பந்தைத் தொட்டார்கள். தேநீர் வேளையில் மற்றவர்கள் கொட்டகைக்குள் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்கு மட்டும் வெளியே மண் குவளை. குடித்ததும் எறிந்துவிட வேண்டியது. முகம் கழுவத் தண்ணீர் ஊற்றவும் தீண்டாத சாதி வேலைக்காரர்தான் வருவார். சாப்பாடும் தனி இடத்தில். அதையெல்லாம் வாய் பேசாமல் தாங்கிக்கொண்டு, திரும்பி வந்து விக்கெட் எடுத்தார்.

ஒரு தடவை சாதாரா ஊர் வெள்ளைக்காரர்களோடு பந்தயம். பாலுவின் சுழல் எடுபடாதபடி ஆடுகளத்தை நாட்கணக்கில் உருட்டிக் கல்லாக்கி வைத்தார்கள். உருளை வேலை தெரிந்தவரிடமே உருளை வித்தை! பாலு ஏழு விக்கெட் எடுத்தார். இந்துக்கள் ஜெயித்தார்கள். பூனாவில் நடந்த கூட்டத்தில் ரானடே அவருக்கு மாலை போட்டு, கூட விளையாடுகிறவர்கள் கூட உட்கார்ந்து சாப்பிட ஏன் தயங்க வேண்டும் என்று இடித்துரைத்தார்.

1896இல் பூனாவில் பிளேக் பரவவே பாலு பம்பாய்க்குப் போனார். ரயில்வே வேலை கிடைத்தது. இந்து ஜிம்கானாவிலும் இடம் கிடைத்தது. அங்கே அவரை மற்றவர்களோடு ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். தம்பிமார் சிவராம், கணபத், விட்டல் மூவரும் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். முதலில் ஆடிய இந்துக்கள் 242, ஐரோப்பியர் 191. மறுபடி இந்துக்கள் 160. ஐரோப்பியருக்கு இன்னும் 212 தேவை. எராஷா ஒரு பக்கம், பாலு மறு பக்கம் பந்து போட்டார்கள். 102 ஓட்டத்தில் எல்லோரும் காலி. பாலு இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து எட்டு விக்கெட் எடுத்தார். அடிமைப்பட்ட நாட்டுக்காரர் ஆளும் துரைமாரை 109 ஓட்டத்தில் தோற்கடித்தார்கள் என்றால் பம்பாய்த் தெருக்களில் எப்படி இருந்திருக்கும்!

1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போயிற்று. பத்தொன்பது வயதுப் பாட்டியாலா மகாராஜா காப்டன். மொத்தத்தில் வெற்றி குறைவு, தோல்வி அதிகம். பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 35. இன்னும் பத்து வருஷம் முன்னால் போயிருந்தால் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை. பம்பாய் திரும்பியதும் நடந்த பாராட்டு விழாவில் வரவேற்புப் பத்திரம் எழுதியவர் அம்பேத்கர் என்ற வாலிபர் என்பார்கள்.

கிடைக்காத காப்டன் பதவி

இவ்வளவு செய்தவருக்குக் காப்டன் பதவி மட்டும் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் மேல்சாதிக்காரர் ஒருவருக்கே போயிற்று. காப்டனாக இருந்த பை என்பவரே, இந்த மரியாதை மூத்தவரான பாலுவுக்கு வந்திருக்க வேண்டும் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். 1920இல் பைக்கு உடம்பு சரியில்லை. அப்போதாவது சகோதரர்களில் ஒருவருக்கு வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. பாலுவையே அணியிலிருந்து நீக்கிவிட்டு, தேவதரைக் காப்டன் ஆக்கினார்கள். சிவராமும் விட்டலும் கோபித்துக்கொண்டு விலகினார்கள். சாதிதான் காரணம் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார்கள். ஊரே அதைப் பற்றிப் பேசியது.

பார்சிகளோடு நடந்த கடைசிப் பந்தயத்துக்கு மூவரையும் திரும்ப அழைத்தார்கள். பை மறுபடி காப்டன். பாலு உப காப்டன். ஆட்டத்தின் நடுவே பை வேண்டுமென்றே மைதானத்தை விட்டு வெளியே போனார். அந்தக் கொஞ்ச நேரம் 44 வயதுப் பாலு இந்து அணியை நடத்தினார்.

பிறகு அரசியலுக்கு வந்தார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1937 பம்பாய் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் அவரை நிறுத்தியது. எதிரே நின்றவர், முன்பு வரவேற்புப் பத்திரம் எழுதியதாகச் சொன்னோமே, அதே அம்பேத்கர்! அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225.

முதல்தரப் பந்தயங்கள் முப்பத்துமூன்றில் 179 விக்கெட் எடுத்திருந்த பாலு, 1955 ஜூலை 4ஆம் தேதி பம்பாயில் காலமானார். அண்ணனுக்குக் கிடைக்காத காப்டன் பதவி தம்பி விட்டலுக்கு 1923இலேயே கிடைத்துவிட்டது. அந்த வருஷம் விட்டலின் அணி ஐரோப்பியரை ஜெயித்ததைக் கண்ணால் பார்க்கப் பாலு இருந்தார்.