எழுதத் தெரியாமல் கதை சொன்ன பெண்மணி!
துப்பறியும் நாவல் உலகில் புகுந்த வை. மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்க்கை

சென்னை திருவல்லிக்கேணி. 1924-ஆம் ஆண்டுக்குச் சற்று முந்திய நாட்கள். இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண் கதை சொல்லிக்கொண்டே போகிறாள். பட்டம்மாள் என்ற தோழி அதைக் கேட்டு எழுதிக்கொண்டே போகிறாள். சொல்பவளுக்குக் கற்பனை வற்றவில்லை. ஆனால், சொன்னதைக் கோவையாகக் காகிதத்தில் எழுதத்தான் அவளுக்குத் தெரியாது!

அந்தப் பெண்தான் பிற்காலத்தில் 115 நாவல்களை எழுதினார். சுமார் 35 ஆண்டுக் காலம் ஒரு மாதப் பத்திரிகையை நடத்தினார். மர்மமும் துப்பறிதலும் நிறைந்த கதைகளை ஆண்கள் மட்டுமே எழுதிவந்த காலத்தில், அந்தத் துறையில் துணிந்து கால் வைத்தார். அவர்தான் வை. மு. கோதைநாயகி அம்மாள்.

ஐந்தரை வயதில் மணமகள்

கோதைநாயகி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பிறந்தார். காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள நீர்வளூரைச் சேர்ந்த வைஷ்ணவக் குடும்பம். தந்தை வேங்கடாச்சாரியார். தாயார் பட்டம்மாள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போதே தாயார் காலமாகிவிட்டார். தாயில்லாக் குழந்தையை உறவினர்கள் வளர்த்தார்கள்.

பால்ய விவாகம் சகஜமாக இருந்த காலம் அது. 1907-ஆம் ஆண்டில் கோதைநாயகிக்குக் கல்யாணம் நடந்தது. மணமகளுக்கு வயது ஐந்தரை. மணமகன் பார்த்தசாரதிக்கு வயது ஒன்பது. வைத்தமாநிதி முடும்பை என்பது கணவர் வீட்டாரின் குடும்பப் பெயர். அதன் சுருக்கமே வை. மு. என்ற எழுத்துக்கள்.

பள்ளிக்கூடம் சென்று படிக்கும் வாய்ப்பு கோதைநாயகிக்குக் கிடைக்கவில்லை. ஆனால் புகுந்த வீடே பள்ளிக்கூடம் ஆயிற்று. மாமியார் தெலுங்கு கற்றுக் கொடுத்தார். கணவர் படிக்கக் கற்றுக் கொடுத்தார். நாடகங்களுக்கும் அழைத்துச் சென்றார். நாடகம் பார்த்துவிட்டு வந்தால், அதைப் போல ஒரு கதையை நாமே கட்டினால் என்ன என்று அந்த இளம் பெண்ணுக்குத் தோன்றும். குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு கதை சொல்வதும் அவருக்கு வழக்கம். கேட்பவர்களை நகர விடாமல் உட்கார வைக்கும் வித்தை இப்படித்தான் அவருக்குக் கைவந்தது.

அவர் சொல்லப் பட்டம்மாள் எழுதிய நாடகம் ‘இந்திர மோகனா’ என்ற பெயரில் 1924-இல் அச்சேறியது. பத்திரிகைகள் பாராட்டின. நாடக மேதை பம்மல் சம்பந்த முதலியாரும் பாராட்டினார். அதன் பிறகு கோதைநாயகி தாமே எழுதப் பழகிக்கொண்டார். ஒரு முறை பழகிய கை பிறகு ஓயவே இல்லை.

சிறுமலைச் சீமை தந்த நாவல்

அப்போது தமிழ் நாவல் உலகம் எப்படி இருந்தது? சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே சிறுமலை உயர்ந்து நிற்கிறது. மலைக்கு மேற்கே, சமவெளியில் இருக்கிறது வத்தலக்குண்டு. அவ்வூரில் பிறந்த ராஜம் அய்யர் எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1896-இல் புத்தகமாக வெளிவந்தது. தமிழின் முதல் நாவல்களில் அதுவும் ஒன்று. அதில் வரும் கமலாம்பாள் ஒரு குற்றமும் செய்யாதவள். ஊர் வம்பர்கள் அவள்மீது அபவாதம் சொல்கிறார்கள். கணவரே அதை நம்பிவிடுகிறார். உண்மை என்னவென்று விசாரித்துப் பார்க்க ஆள் இல்லை.

அடுத்து வந்தது துப்பறியும் நாவல்களின் காலம். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவித் தமிழ்நாட்டுச் சூழலில் எழுதிக் குவித்தார்கள். மாறுவேடம், ரகசியக் கடிதம், நள்ளிரவுக் கடத்தல் என்று பக்கத்துக்குப் பக்கம் திடுக்கிடும் சம்பவங்கள்! வடுவூராரின் ‘மேனகா’வைப் படிக்காத வீடு இல்லை என்ற நிலை. அவர் படைத்த திகம்பர சாமியார் என்ற துப்பறிவாளரை, 1950-இல் நம்பியார் பல வேடங்களில் நடித்துத் திரையிலும் புகழ் பெறச் செய்தார்.

ஆனால் இந்தக் கதைகளில் பெண்ணின் இடம் எது? மேனகாவும் கமலாம்பாளைப் போலவே வீண் சந்தேகத்துக்கு ஆளானவள்தான். பெண் கடத்தப்படுவாள், பழி சுமப்பாள், கண்ணீர் வடிப்பாள். உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் ஆணுடையது.

‘ஜகன்மோகினி’ கைக்கு வந்தது

வடுவூராரும் திருவல்லிக்கேணியில் வசித்தவரே. ‘மனோரஞ்சனி’ என்ற மாத வெளியீட்டை நடத்தி வந்தார். கோதைநாயகி எழுதிய முதல் நாவலான ‘வைதேகி’யைப் பார்வையிட்டு உதவியவர் அவரே. நொடித்துப் போயிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையை வாங்கி நடத்தும்படி கோதைநாயகிக்கு யோசனை கூறியவரும் அவரே.

1925-இல் அந்தப் பத்திரிகை கோதைநாயகியின் கைக்கு வந்தது. ‘வைதேகி’ அதில் தொடராக வந்தது. விற்பனை ஏறியது.

எதிர்ப்பும் கூடவே வந்தது. ஆசாரமான குடும்பத்துப் பெண் நாவல் எழுதுவதா, அதிலும் குற்றமும் மர்மமும் நிறைந்த கதைகளை எழுதுவதா என்று பலர் ஏளனம் செய்தார்கள். பெண்கள் நாவல் படிப்பதையே கெட்ட பழக்கம் என்று கருதிய வீடுகள் ஏராளமாக இருந்த காலம் அது. கணவர் பார்த்தசாரதி மட்டும் மனைவிக்குப் பக்கபலமாக நின்றார்.

அம்மையாரின் உபாயம் எளியது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலைத் தூண்டி வாசகியை இழுத்துச் செல்வார். கதையின் ஊடே விதவைகளின் துயரம், வரதட்சிணைக் கொடுமை, குடியின் கேடு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். மர்மம் தெரிய வேண்டும் என்று படிக்கத் தொடங்கியவள், தன் வீட்டுச் சங்கதியையே அதில் கண்டாள்.

மேல் நாட்டிலும் இதே கதை

மேல் நாட்டிலும் நிலைமை அதிகம் மாறுபட்டதாக இல்லை. அமெரிக்காவில் அன்னா காதரின் கிரீன் என்ற பெண்மணி 1878-லேயே துப்பறியும் நாவல் எழுதிப் பெயர் வாங்கினார். ஆனால் அமீலியா பட்டர்வொர்த் என்ற மணமாகாத நடுத்தர வயதுப் பெண்ணைத் துப்பறிய வைக்க அவருக்கு 1897 வரை ஆயிற்று. இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920-இல் வந்தது. அதில் துப்பறிந்தவர் ஓர் ஆண்தான். மிஸ் மார்ப்பிள் என்ற கிராமத்துக் கிழவி கொலை மர்மத்தை அவிழ்த்த முதல் நாவல் வந்தது 1930-இல்.

அந்தக் கிழவிக்குப் போலீஸ் உடுப்பு இல்லை, துப்பாக்கி இல்லை. அண்டை அயலாரின் சுபாவம் அவளுக்குத் தெரியும். யார் பேச்சு மாறுகிறது, யார் முகம் வாடுகிறது என்பதைக் கவனிப்பாள். அதுவே அவளுடைய ஆயுதம். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்தை இத்தகைய கதைகள் தகர்த்தன. வங்காளத்தில் பிரபாவதி தேவி சரஸ்வதியும் கிருஷ்ணா என்ற துப்பறியும் பெண்ணைப் படைத்தார்.

தமிழ்நாட்டில் அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் கோதைநாயகி. குற்றம் எங்கே தொடங்கியது, யார் செய்தது, உண்மை எப்போது வெளிவர வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் ஆசனத்தில், சந்தேகத்துக்கு மட்டுமே ஆளாகி வந்த பெண் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அமர்ந்தார்.

சிறைக்குள் ஒரு நாவல்

1925-இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். அவரைச் சந்தித்த பிறகு கோதைநாயகியின் வாழ்க்கை வேறு பாதையில் திரும்பியது. பட்டுப் புடவையும் நகைகளும் போயின. கதர் வந்தது. மேடை ஏறிப் பேசினார். நன்றாகப் பாடவும் வல்லவர் ஆதலால் தேசிய கீதங்களைப் பாடியும் மக்களைக் கவர்ந்தார்.

1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி பகிஷ்காரம் ஆகிய போராட்டங்களில் முன்னே நின்றார். சிறைத் தண்டனை கிடைத்தது. கதையில் குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பும் எழுத்தாளர், ஒரு குற்றமும் செய்யாமல் தாமே சிறைக்குப் போனார்!

வேலூர்ச் சிறையிலும் எழுத்து நிற்கவில்லை. ‘சோதனையின் கொடுமை’ என்ற நாவல் அங்கே உருவாயிற்று. வெளியே ‘ஜகன்மோகினி’ நின்றுவிடாமல் கணவர் பார்த்துக்கொண்டார்.

வெள்ளித் திரையில்

சினிமாவும் அம்மையாரின் நாவல்களைத் தேடி வந்தது. 1937-இல் ‘ராஜமோகன்’, 1938-இல் ‘அனாதைப் பெண்’ ஆகியவை படங்களாக வெளிவந்தன. திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் அவர் அங்கத்தினராக இருந்தார். 1948-இல் காந்தியடிகள் மறைந்ததும், அவர் பெயரால் மகாத்மாஜி சேவா சங்கத்தைத் திருவல்லிக்கேணியில் தொடங்கினார். ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது உதவியது.

கடைசி அத்தியாயம்

எத்தனையோ கதைகளின் முடிவைத் தம் இஷ்டப்படி அமைத்த அம்மையாரால் தம் வாழ்க்கையின் முடிவை அப்படி அமைக்க முடியவில்லை. 1956-இல் அவருடைய ஒரே புதல்வர் ஸ்ரீநிவாசன் காலமானார். அந்தத் துயரம் தாயை உருக்குலைத்துவிட்டது. உடலில் காச நோய் பற்றியது. தாம்பரம் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றும் பலன் இல்லை. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி அவர் கண்களை மூடினார். ‘ஜகன்மோகினி’யின் பயணமும் அவருடனேயே முடிந்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1966-இல், பத்மினி நடித்த ‘சித்தி’ என்ற படம் தமிழ்நாட்டுத் தாய்மார்களைக் கொட்டகைகளில் கண் கலங்க வைத்தது. அது கோதைநாயகியின் ‘தயாநிதி’ என்ற நாவலே.

இலக்கிய விமரிசகர்கள் அவருடைய நாவல்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியது உண்டு. ஆனால் அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருந்து, எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகிய பெண்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கேட்டதை அப்படியே நம்பாதே, விசாரித்துப் பார் என்பதுதான் துப்பறியும் கதையின் முதல் பாடம். கமலாம்பாளுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. அவளுக்குப் பின் வந்த பெண்களின் கையில் அந்தப் பாடத்தைக் கொடுத்தவர், பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்காத ஒரு பெண்மணி!